காலும் முதுகும்



காலைப் பற்றியும் முதுகைப் பற்றியும் பேச ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாமே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். நியாயமான ஐயந்தான். வலி வந்த பிறகு செய்ய வேண்டியதை மருத்துவர் அறிவார். வலி வராமல் காக்கும் வேலையோ வீட்டிலும் வகுப்பறையிலும் நடைபெறுவது. அந்த வகுப்பறையில் 34 ஆண்டுகள் பணியாற்றியவன் நான். நின்று நின்று என் காலைக் கெடுத்துக்கொண்டேன். பிள்ளைகளை அசையாமல் உட்காரவைத்து அவர்கள் முதுகுக்கும் தீங்கு செய்தேன். இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிட எண்ணியே இங்கு வந்திருக்கிறேன்.

முதலில் காலைப் பற்றிச் சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை. படுக்கையை விட்டு எழுந்து வலக்காலைத் தரையில் ஊன்றினேன். குதிகாலில் ஆணி ஏறியது போல் இருந்தது. விளக்கைப் போட்டு உள்ளங்காலைத் தடவிப் பார்த்தேன். முள்ளும் இல்லை, கண்ணாடித் துண்டும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வரை சென்றேன். பத்தடி நடந்ததும் வலி தணிந்துவிட்டது. சரி, போயிற்று என்று மகிழ்ந்தேன். மறுநாள் விடியலில் அதே இடத்தில் அதே வலி. வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைத்தேன். சுட்ட செங்கல்லின் மேல் எருக்கிலையைப் பரப்பி அதன்மேல் குதிகாலை ஊன்றினேன். இதமாகத்தான் இருந்தது, ஆனால் விடிந்தால் வலி தவறாமல் வந்து நின்றது. இப்படி மூன்று மாதங்கள் கழிந்தன.

பிறகு அரசு மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே இயன்முறைச் சிகிச்சை அளித்தவர் என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயதுடைய ஓர் இளம்பெண். “சார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்பீர்கள்?” என்று கேட்டார். ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது என்றேன். “எந்தத் தரையில்?” “சிமெண்டுத் தரை.” “காலில் என்ன போட்டுக்கொண்டு?” நான் என் ரப்பர்ச் செருப்பைக் காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். குதிகால் படும் இடம் அப்பளம் போலத் தேய்ந்திருந்தது. “நடப்பது உண்டா?” என்று அடுத்துக் கேட்டார். வீட்டிலிருந்து பள்ளிக்கு வண்டியில் போய் வருவேன். வகுப்பில் கரும்பலகைக்கும் மேசைக்கும் இடையே நான்கு அடி. அதை நடை என்று சொல்ல எனக்கே நாணமாக இருந்தது.

ஒரு காலில், கணுக்காலுக்குக் கீழே, 26 எலும்புகள் இருக்கின்றன. இரண்டு காலிலும் சேர்த்தால் 52. நம் உடலில் உள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு தரையருகே இருக்கிறது! வெறுமனே தாங்கி நிற்பதற்கு மட்டும் என்றால் ஒரு கட்டை போதுமே. இத்தனை சிறு எலும்புகள் எதற்கு? அசைவதற்கு. மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதற்கு. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஓர் உறுதியான பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, பாதத்தின் வளைவுக்கு அந்தப் பட்டை அப்படி. அசையாமல் நிற்கும்போது அது ஓயாமல் இழுபடுகிறது. நாள் தோறும் இழுபட்டால் குதிகாலோடு அது சேரும் இடம் நொந்துபோகிறது. இரவில் நாம் படுத்திருக்கையில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது முழு உடலின் எடையும் அதைத் திடீரென்று நீட்டுகிறது. அந்த ஆணிக் குத்தலின் காரணம் இதுதான்.

அந்தப் பெண் எனக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. சுவருக்கு எதிரே நின்று, இரு கைகளையும் சுவரில் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னுக்கு வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயச் சொன்னார். கெண்டைக்கால் நன்றாக இழுபடும். 30 நொடி அப்படியே நின்று, பிறகு விட வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கால்விரல்களைக் கையால் பற்றி மேல்நோக்கி இழுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் சில வாரங்கள் கழித்து, படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கடைசிப் பயிற்சியை டென்மார்க் நாட்டினர் ஆராய்ந்து, மூன்று மாதத்தில் நல்ல பயன் தருகிறது என்று 2014இல் வெளியிட்டார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் உண்மை.

என் வலியாவது ஆசிரியர் சம்பளத்தோடு வந்த வலி. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். உங்களில் சிலருடைய அக்காமார் அந்த வேலைக்குச் செல்பவர்களாக இருக்கலாம். அவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தின. உட்கார்வதற்கு ஒரு சட்டமா என்று சிலர் நகைத்தார்கள். குதிகால் வலி கண்டவன் நகைக்கமாட்டான். அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, விற்பனை மேசைக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.

செருப்பைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டிலேயே 4 முதல் 13 வயது வரையுள்ள 2300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து, 1992இல் ஒரு முடிவை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குப் பாதம் தட்டையாக இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் அது நூற்றுக்கு 2.8 மட்டுமே. அதிலும், விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடமே தட்டைப்பாதம் மிகுதி. பாத வளைவு சிறு வயதில் உருவாகும்போது விரல்களுக்கு விடுதலை வேண்டும் போலும். ஆகவே, வீட்டில் தவழ்ந்தெழுந்து நடைபழகும் தம்பி தங்கைக்கு, அழகுக்காக இறுக்கமான ஷூவை மாட்டாதீர்கள். தட்டைப்பாதம் என்றாலே நோய் என்று அஞ்சவும் வேண்டா. வலி இல்லாத தட்டைப்பாதத்தோடு நன்றாக ஓடி ஆடுவோர் பலர். அதேபோல், வெறுங்காலே சிறந்தது என்று நான் சொன்னதாக யாரும் வயற்காட்டில் செருப்பைக் கழற்றிவிட வேண்டா. கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாகத்தான் உடலுக்குள் நுழைகிறது. நீரிழிவு உள்ள தாத்தா பாட்டியர் வீட்டுக்குள்ளும் செருப்பு அணிவது நல்லது. அவர்கள் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால், முள் தைத்தாலும் தெரியாது.

செருப்பை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவே சரியான அளவு. குதிகால் தேய்ந்த செருப்பை, வார் அறுகிற வரை போடுவது சிக்கனம் அன்று. இதில் நானே குற்றவாளி.

இனி முதுகுக்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதுகெலும்பு என்பது ஓர் எலும்பு அன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடியில் இணைந்துபோன எலும்புகளின் மேல் நிற்கின்றன. அசையும் எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற தட்டுகள் உண்டு. இந்த இடைத்தட்டின் உள்ளே, வளர்ந்தவர்களுக்கு, இரத்தக் குழாய்கள் கிடையா. அப்படியானால் அதற்கு உணவு எப்படிச் சேருகிறது? அக்கம்பக்கத்திலிருந்து நீரோடு கசிந்து சேருகிறது. உடலின் எடை அழுத்தும்போது தட்டிலிருந்து நீர் வெளியேறுகிறது. அழுத்தம் நீங்கும்போது மீண்டும் ஊறுகிறது. நீரில் தோய்த்த பஞ்சைப் பிழிந்து விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கருவி எதுவும் வேண்டா. இன்று இரவு படுக்கப் போகுமுன், சுவரோரம் நின்று, தலைமேல் ஒரு புத்தகத்தை மட்டமாக வைத்து, தம்பியை விட்டு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காலையில் எழுந்தவுடனே, பல் துலக்குமுன்பே, அதே இடத்தில் இன்னொரு கோடு. காலைக் கோடு மேலே இருக்கும். ஏறத்தாழ 1 சென்டிமீட்டர், சிலருக்கு 2 சென்டிமீட்டர் கூட. எழுந்து உலவத் தொடங்கிய முதல் மணி நேரத்திலேயே அந்த உயரத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆகையால் தாமதித்து அளந்துவிட்டு, ஆசிரியர் பொய் சொன்னார் என்று சொல்லாதீர்கள்.

தட்டுக்கு அழுத்தமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். இரண்டும் மாறி மாறி வரவேண்டும். ஒரே நிலையில் நெடுநேரம் இருத்தல் அதற்குப் பகை. 1960களில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன் என்பவர், மனிதர்களின் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட முன்னால் குனிந்து உட்காரும்போது அழுத்தம் மிகுகிறது என்று கண்டார். உடனே உலகெங்கும் ‘நிமிர்ந்து உட்கார்’ என்பது வேதமாயிற்று. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கும் அதைத்தான் கற்பித்தார்கள். 1999இல் ஜெர்மனியில் ஒருவருடைய முதுகில் நாள் முழுவதும் கருவியை வைத்து அளந்தபோதோ, தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்த நிலையில் அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாகவே இருந்தது! ஒருவரை அளந்து எல்லோருக்கும் விதி சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆயினும், இதுதான் சரியான இருக்கை, இதிலேயே அசையாமல் இரு என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்பது தெளிவாகிவிட்டது.

நான் அப்படித்தான் சொல்லிவந்தேன். “ஆடாமல் அசையாமல் உட்கார்” என்பது என் வகுப்பில் நாள் தோறும் ஒலித்த வாக்கியம். அமைதியான வகுப்பே ஒழுங்கான வகுப்பு என்று நம்பினேன். ஆறாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஒரே உயரத்து பெஞ்சுகள். சிறுவர்களின் கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும். நெட்டையர்களின் முழங்கால் மேசையில் இடிக்கும். அதைக் கண்ணால் கண்டும் கருதினேன் அல்லேன்.

2012ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பில் ஒரு பையன், நெடிய உருவம், கணக்கில் சுமார். ஒரு நாள் கடைசி பெஞ்சில் இருந்தவன் பாடத்தின் நடுவே எழுந்து, பின்சுவரில் சாய்ந்து நின்றுவிட்டான். “ஏன் நிற்கிறாய்?” என்றேன். “முதுகு வலிக்கிறது சார்” என்றான். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு என்னைக் குறித்தது என்று எனக்குப் பட்டது. “இந்த வயதில் என்னடா முதுகு வலி? உட்கார்” என்றேன். உட்கார்ந்தான். மறுநாளும் எழுந்து நின்றான், மறுநாளும் உட்காரவைத்தேன். அதற்கடுத்த ஒரு வாரம் அவன் வரவில்லை. அவன் தந்தை வந்து, “வீட்டில் தரையில் படுத்தபடியே படிக்கிறான் சார், உட்கார முடியவில்லை என்கிறான், நீங்கள் திட்டுவீர்கள் என்று வர அஞ்சுகிறான்” என்றார். அவர் என்மேல் குறை சொல்லவில்லை. மகனுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளி பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஆண்டு அது. பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளைகள் எல்லாவற்றையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாற்றிக் கையொப்பமிட்டவன் நான். காலை எட்டரைக்குச் சிறப்பு வகுப்பு. மாலை ஆறு வரை மீண்டும் சிறப்பு வகுப்பு. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிள்ளைகள் பலகையில் அமர்ந்திருந்தார்கள். ஆனால் அப்போதும் என் நெஞ்சு வேறொரு குற்றவாளியைத் தேடியது. கிடைத்தது புத்தகப் பை!

புத்தகப் பையைக் குறை சொல்வது எளிது, பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் 1989இல் தம் முதற்பேச்சையே குழந்தைகளின் பைச்சுமையைப் பற்றிப் பேசினார். அதன் பிறகே பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993இல் அறிக்கை வந்தது. நானும் சத்துணவுக் கூடத்துத் தராசை வரவழைத்து ஆறாம் வகுப்புப் பைகளை நிறுத்தேன். 29 கிலோ எடையுள்ள ஒரு சிறுவனின் பை 7 கிலோ 200 கிராம். பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருத்தலாகாது என்று 2020இல் வந்த தேசியக் கொள்கை கூறுகிறது. அந்தக் கணக்கில் அவன் 3 கிலோ கூடச் சுமக்கலாகாது. முப்பருவ முறை வந்து பாடநூல்கள் மெலிந்துவிட்டனவே, பிறகு எடை எங்கிருந்து வந்தது என்று பையைக் கொட்டிப் பார்த்தோம். தனிப்பயிற்சிக் குறிப்பேடுகள், தடித்த உரைநூல் இரண்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர், தேர்வு அட்டை, ஒரு கிரிக்கெட் பந்து, சென்ற ஆண்டு அட்லாஸ். பள்ளியில் குடிநீர் இருக்கும்போது ஒன்றரைக் கிலோ தண்ணீரைச் சுமப்பானேன்? பையை ஒரே தோளில் தொங்கவிடாமல், இரு தோளிலும் மாட்டி, முதுகோடு ஒட்டியிருக்குமாறு வாரை இறுக்கிக்கொண்டால் சுமை எளிதாகும். கனமானவை முதுகை ஒட்டி உள்ளே இருக்கவேண்டும்.

இவ்வளவும் சரியே. ஆனால் 2018இல் உலகின் பல பகுதிகளில் நடந்த 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளின் முதுகுவலிக்குப் பையே காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பையனின் நினைவு வந்தது. அவன் பையில் இரண்டு குறிப்பேடுகளுக்கு மேல் இருந்ததே இல்லை!

அவன் திரும்பி வந்தபின், பின்சுவரோரம் ஓர் உயர்ந்த மேசை போடப்பட்டது. யார் வேண்டுமானாலும் அங்கே நின்று எழுதலாம் என்றேன். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் எல்லோரும் எழுந்து, கைகளை உயர்த்தி, பின்னால் வளைந்து, இரண்டு நிமிடம் உலவ வேண்டும். விளையாட்டுப் பாடவேளையையும் திருப்பித் தந்தேன். தேர்ச்சி குறையும் என்று பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். குறையவில்லை. ஏறிற்று என்றும் நான் சொல்லமாட்டேன், இல்லாததைச் சொல்வானேன்? 5 முதல் 17 வயது வரை உள்ளோர் சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 நிமிடமாவது வியர்க்க ஓடியாட வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு அறிவுரை. உங்கள் பள்ளியில் அந்த நேரத்தைக் கணக்கு விழுங்கிவிட்டதாயின், என் பெயரைச் சொல்லியாவது தலைமையாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் முதுகுவலியே கிடையாது, அம்மியும் ஆட்டுக்கல்லும் போனதால் வந்த வினை இது என்பார் உண்டு. காவிரிப் படுகையில் வளர்ந்தவன் நான். நாள் முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண்கள், மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கரையேறியதைக் கண்டிருக்கிறேன். குனிந்தே இருத்தலும் ஒரு வகை அசையாமைதான். 2020இல் உலகில் 61 கோடியே 90 இலட்சம் பேர் இடுப்புவலியால் வருந்தினர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் உழுபவரும் உண்டு, எழுதுபவரும் உண்டு. கைப்பேசியில் தலை கவிழ்ந்திருப்பவரும் உண்டு. தலை ஏறத்தாழ 5 கிலோ எடை என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

இடுப்புவலி வந்துவிட்டால் என்ன செய்வது? முற்காலத்தில் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாதே என்பார்கள். என் தந்தையாருக்கு அப்படித்தான் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குப் பின் அவருடைய கால்கள் மெலிந்து, வலி முன்னிருந்தபடியே இருந்தது. இன்று மருத்துவர்கள் அதை வேண்டா என்கிறார்கள். பொறுக்கும் அளவுக்கு நடமாடு என்பதே இப்போதைய அறிவுரை. நாட்பட்ட இடுப்புவலிக்கு இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதை ஆதரிக்கவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் கூறிற்று. நடையைப் பற்றி 2024இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இடுப்புவலி வந்து குணமான 701 பேரில் ஒரு பகுதியினரை, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவுக்குப் படிப்படியாக நடக்கப் பழக்கினர். நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலையாக 208 நாட்கள் ஆயின. மற்றவர்களுக்கு 112 நாட்கள். நடைக்குக் கட்டணம் இல்லை என்பதனாலேயே அதன் மதிப்பு நமக்குத் தெரிவதில்லை போலும்.

தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும்போது, அதனருகே நின்று, முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கியபடியே இடுப்பைத் திருகாதீர்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காலில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ, சிறுநீர் மலம் அடக்க இயலாமையோ, காய்ச்சலோடு கூடிய முதுகுவலியோ, கீழே விழுந்தபின் வந்த வலியோ, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலியோ இருந்தால், பயிற்சியும் வேண்டா, எருக்கிலையும் வேண்டா. உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்கள் வயதில் சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலியையும் மருத்துவர் பார்ப்பது நல்லது. ‘இந்த வயதில் என்ன வலி’ என்று யாரேனும் சொன்னால், அப்படிச் சொன்ன ஒரு தலைமையாசிரியர் பின்னர் வருந்தினார் என்று அவரிடம் சொல்லுங்கள்.

அந்தப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினான், தேறினான். மருத்துவமனையில் அவனுக்கும் பயிற்சிகளே கற்பித்தார்கள். பிறகு அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அவனிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன், நினைத்ததோடு சரி. இந்த வானொலிப் பேச்சு எங்கேனும் அவன் காதில் விழுந்தால் நன்று.

கால் மணி நேரமாக நீங்கள் ஒரே இடத்தில் அமர்ந்து கேட்டிருக்கிறீர்கள். எழுந்து சற்று உலவுங்கள். எனக்கும் எழ ஆசைதான். இங்கே ஒலிவாங்கியை விட்டு அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.